மனோல் அண்ணன் படித்த கல்

உயிரோடு இருக்கும்போதே கல்லறைக்கல் நட்டு வைத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். பிள்ளைகளை நம்ப முடியுமா? கல் வெட்டுகிற எனக்கு அதில் வருமானம்தான். என் எரிச்சலெல்லாம் எழுத்தின் மேல். எங்கள் ககாவுஸ் மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள், ரஷ்ய எழுத்தில் எழுதினார்கள், இப்போது லத்தீனாம். சட்டை மாற்றுகிற மாதிரி மாற்றினால் உளி பிடிக்கிறவன் என்ன செய்வான்?

மனோல் அண்ணனுக்கும் அவர் மனைவி பராஸ்கா அக்காவுக்கும் சேர்த்து ஒரே கல். அண்ணன் ஆடுகளோடு மேய்ச்சலுக்குப் போயிருந்த சமயம் அக்கா வந்து லத்தீனில் வெட்டச் சொன்னாள். ருமேனியர் எங்களை ஆண்ட காலத்துப் பள்ளியில் அந்த எழுத்தைப் படித்தவள். அண்ணன் பெயருக்குக் கீழே ஒரு வரியும் சேர்க்கச் சொன்னாள்.

அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் பட்டாளத்தில் கற்ற ரஷ்ய எழுத்துதான். கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் என்னைப் பிடித்தார்.

"லம்பு, என் பேருக்குக் கீழ என்னடா?"

"அக்காகிட்ட கேளுங்கண்ணே."

"கேட்டேன். செத்தப்புறம் தெரிஞ்சுக்கோங்கன்றா."

ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பராஸ்கா அக்கா வீட்டு ஒயினைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? அண்ணனைக் கண்டால் சிரிப்பதோடு சரி. கருமி என்று போட்டிருப்பாளோ, குடிகாரன் என்றோ? மண்ணுக்குள் போனபின் மறுத்துப் பேசவும் முடியாதே. மனிதருக்கு ரொட்டி இறங்கவில்லை.

கடைசியில் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சுக்குள் முழங்கால் நுழையாமல் குளிர்காலம் முழுக்க ஒருக்களித்தே படித்தார். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியதற்காக டீச்சர் ஒருநாள் வெளியே நிறுத்தினாளாம்.

ஈஸ்டர் முடிந்து, செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். ஊரே ரொட்டியும் ஒயினுமாகக் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. அண்ணன் கல்லின் முன் மண்டியிட்டு, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

"தி...ரும்...பக் கேட்...டா...லும் இ...வரை...யே கட்...டிக்கு...வேன்."

மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்த முறை திக்கவில்லை.

"இதை வாயால சொல்றதுக்கு என்ன கேடு?" என்றார்.

"சொன்னா உங்களைக் கையில பிடிக்க முடியுமா?" தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள் அக்கா.

அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"லம்பு, அவ பேருக்குக் கீழ இடம் இருக்கா?"

"இருக்குண்ணே."

"அங்க அதே வரியை 'இவளையே'ன்னு மாத்தி வெட்டு. எழுத்து அவளோடதைவிடப் பெருசா இருக்கணும்."