கட் சொன்ன பிறகு

"அந்தக் கார்டக் குடு," என்றாள் பெரியவள்.

சின்னவள் உள்ளறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் உட்கார்ந்து கேமராப் பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா கிடந்தார். பெட்டியின் மோட்டார் நின்று நின்று ஓடும் சத்தம் இங்கேயும் கேட்டது.

"எந்தக் கார்டு?"

"தெரியாத மாதிரி நடிக்காத. நடிக்கத்தான் ஆள் வச்சிருந்தியே. அப்பா இருக்கிற கார்டு."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நேற்று மாலை ஃபோனில் அம்மா சொன்னது மொத்தம் மூன்று விஷயம். அப்பா பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னே போய்விட்டார். உடனே கிளம்பி வா. வந்து அந்தப் படத்தைப் பற்றித் தங்கச்சியிடம் வாயைத் திறக்காதே, என்றைக்குமே திறக்காதே. செத்தவருக்கு ஒன்று, வரவேண்டியவளுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று என்று பங்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் குரல் உடைந்தது மூன்றாவதில். பெரியவளுக்கு இதெல்லாம் தப்பாது. மாத்திரைக் கம்பெனியில் தரப் பரிசோதனைதான் அவள் வேலை. ஆயிரத்தில் ஒன்று ஓரம் உடைந்திருந்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும்.

காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். பத்து மணி வரை இருந்தாள். பிறகு சின்னவளின் பள்ளிக்கூடச் சிநேகிதிகள் மூன்று பேர் யூனிஃபார்மோடு வந்தார்கள். அதில் ஒருத்தி, உயரமாக, ஒற்றைப் பின்னல் போட்டவள், வாசல்படியிலேயே உடைந்துவிட்டாள். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு "அங்கிள், அங்கிள்" என்று விக்கினாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அப்பாவோடு வேலை பார்க்கும் இன்னொரு டிரைவரின் மனைவி அவளைத் தோளோடு அணைத்து, "அழாதம்மா. மூத்தவ நீயே இப்படி ஒடஞ்சு போனா உங்கம்மாவுக்கு யாரு தைரியம் சொல்றது?" என்றாள்.

அந்தப் பெண் இல்லை என்று சொல்லவில்லை. அழுகையில் காதில் விழுந்திருக்காது. இரண்டடி தள்ளி டீ டம்ளர் தட்டோடு நின்ற மூத்தவளுக்கு நன்றாக விழுந்தது. அவள் இன்னும் அழவில்லை. அழாதவளை யார் மகள் என்று நினைப்பார்கள்?

தட்டைக் கீழே வைத்துவிட்டு, யூனிஃபார்மில் கூட்டம் போட வேண்டாம், வெளியே போய் நில்லுங்கள் என்று அந்த மூன்று பேரையும் வாசலுக்கு அனுப்பினாள். அம்மா பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பெரியவள் உள்ளறைக்கு வந்தாள்.

அந்த உயரமானவள்தான் படத்தில் அப்பாவுக்கு மகள்.

அப்பா ஓட்டியது பள்ளிக்கூட பஸ். சின்னவள் அந்தப் பள்ளியிலேயே பதினொன்றாவது படித்தாள். நாலு பேராகச் சேர்ந்து பழைய கேமரா ஒன்றை வாங்கி, முதலில் பூனை, பூட்டு, காய்கிற துணி என்று எதையாவது எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாலு மாதத்துக்கு முன்னால் படம் எடுக்கிறோம் என்று கிளம்பினார்கள். பன்னிரண்டு நிமிடப் படம். வெளியூருக்குப் படிக்கப் போகும் மகளை ஒரு டிரைவர் பஸ் ஏற்றிவிடுகிறார், அவ்வளவுதான் கதை. டிரைவர் வேஷத்துக்கு டிரைவரையே பிடித்துப் போட்டார்கள். நாலு சனிக்கிழமை. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் டிரிப்பை அப்பா வேறொருவரிடம் மாற்றிவிட்டுப் போனார். தலைக்கு மை அடித்துக்கொண்டார். வீட்டில் சின்னவளை "டைரக்டர் மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பெரியவள் பட்டம் வாங்கிய நாளுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, கூட வந்த சிநேகிதியின் அப்பா எடுத்த போட்டோவில் அந்த வீட்டாரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். படிக்கப் போன முதல் நாளில் அவளையும் இதே அப்பாதான் பஸ் ஏற்றிவிட்டார். பெட்டியை மேலே வைத்தார், ஜன்னல் கம்பியை இரண்டு முறை தட்டினார், திரும்பி நடந்துவிட்டார். ஒரு வார்த்தை கிடையாது. அதைத்தான் தங்கச்சி கதையாக்கி, வேறொருத்தியை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவர் வாயில் வசனமும் கொடுத்திருந்தாள்.

இதெல்லாம் தெரிந்த அன்று பெரியவள் ஃபோனில் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு நாள் இல்லை, ஊரான் வீட்டுப் பெண்ணுக்கு நாலு நாளா என்று கேட்டாள். இந்த வயசில் மை எதற்கு என்றும் கேட்டாள். அப்பா, "சரிம்மா, சரிம்மா" என்றார். அதோடு ஷூட்டிங்குக்குப் போகவில்லை. கடைசி இரண்டு காட்சி எடுக்காமலே படம் நின்றது. இரண்டு மாதமாயிற்று. சின்னவள் அக்காவோடு பேசுவதை நிறுத்தியும் இரண்டு மாதம்.

"எதுக்கு உனக்கு?" என்றாள் சின்னவள் இப்போது.

"அவர் குரல் எங்கிட்ட இல்ல. உங்கிட்ட ஆறு மணி நேரம் இருக்கு. நானும் அவருக்குத்தான் பொறந்தேன்."

"படத்துல வர்றத மட்டும் தரேன். முழுசா வேணாம்."

"முழுசாத்தான் வேணும்."

"அக்கா, சொன்னாக் கேளு. வேணாம்."

"ஏன், என்னத் திட்டியிருக்காரா?"

சின்னவள் ஜிப்பை முழுக்க மூடினாள், திரும்பத் திறந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. பொய் சொல்லும்போது மூக்குத் துளை விரியும். இப்போது விரியவில்லை. திட்டவில்லை என்றாள். பிறகு, தான் படம் எடுக்கும் விதத்தைச் சொன்னாள். ஸ்டார்ட் சொன்னதும் அப்பா மரக்கட்டை மாதிரி ஆகிவிடுவாராம். கட் சொன்னதும்தான் ஆள் உயிரோடு வருவாராம். அதனால் கேமராவின் சிவப்பு விளக்கு மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு, சத்தமாகக் கட் சொல்லிவிட்டு, மெஷினை ஓடவிட்டிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாது. படத்தில் அவர் நன்றாக நடித்த இடமெல்லாம் அவர் நடிக்காத இடம்தான்.

"அப்படி ஓடினதுல ஒண்ணு இருக்கு. அம்மாவுக்கு மட்டும் காட்டினேன். உங்கிட்டக் காட்டாதன்னு சத்தியம் வாங்கிட்டா."

"போடு," என்றாள் பெரியவள்.

சின்னவள் நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் இடுக்கில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இயர்ஃபோனில் ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு மற்றதை அக்காவிடம் நீட்டினாள்.

தீப்பெட்டி அளவு திரையில் பஸ்ஸின் உட்புறம். அப்பா டிரைவர் சீட்டில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். முதல் சீட்டில் அந்த உயரமானவள். திரைக்கு வெளியே சின்னவளின் குரல் "கட்" என்கிறது. அப்பாவின் தோள் சட்டென்று இறங்குகிறது. காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி ஊதிக்கொள்கிறார்.

"நாலாவது தடவை. பஸ்ஸ ரிவர்ஸ்ல மலை ஏத்தச் சொல்லு, ஏத்திடுறேன். இந்த வசனம் வர மாட்டேங்குது."

உயரமானவள் சிரிக்கிறாள். "அங்கிள், நான் நிஜப் பொண்ணு இல்லல்ல, அதான் வரல. உங்க பெரிய பொண்ணக் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க. தானா வரும்."

அப்பா தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினார்.

"அவ வேணாம்மா. அவ இருந்தா எனக்கு இருக்கிறதும் போயிடும்."

"ஏன் அங்கிள்? கோவக்காரங்களா?"

"கோவமில்ல. படிச்ச பொண்ணு. நான் பாதி சொல்றதுக்குள்ள மீதிய அவ சொல்லி முடிச்சுடுவா. அதுவும் சரியாத்தான் சொல்வா, அதான் கஷ்டம். அவ முன்னாடி வாயத் தொறந்தா எனக்குப் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கும். எட்டாவதுல விட்ட ஆளு நான்." சிரித்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பட்டம் வாங்குறேன், வாப்பான்னு கூப்பிட்டா. லீவு கெடைக்கலன்னுட்டேன். கேட்டிருந்தா கெடைச்சிருக்கும். அங்க போய் அவ வாத்தியாருங்க முன்னாடி என்னத்தப் பேசுறது? இங்க உங்கள மாதிரி வாண்டுங்ககூடன்னா சும்மா பேசிட்டே இருப்பேன், நாள் முழுக்க." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "டீ வந்துச்சா?"

டீ வரவில்லை. சின்னவளின் குரல் மறுபடியும் ஸ்டார்ட் சொன்னது. அப்பா பட்டனைப் போட்டுக்கொண்டார், முன்னால் சாய்ந்தார். "போயிட்டு வா. எதுக்கும் பயப்படாத. நான் இருக்கேன்," என்றார். ஒரே மூச்சில் வந்துவிட்டது. குரல் நடுங்கியது, சரியான இடத்தில் நடுங்கியது.

பெரியவள் திருப்பிப் போடச் சொன்னாள். மூன்று முறை பார்த்தாள். அவர் கண் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தாள். தூரத்தையோ ஜன்னலையோ பார்த்திருந்தால், அந்தப் பெண்ணின் பின்னால் வேறு யாரையோ பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று முறையும் அவர் அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தார். அவளுக்குத்தான் சொன்னார். பிசிறே இல்லை.

முன்னறையில் யாரோ நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போட்டார்கள். வண்டி வந்துவிட்டது போலிருந்தது.

"அழிச்சிடட்டுமா?" என்றாள் சின்னவள். கட்டை விரல் பட்டன் மேல் இருந்தது. "இந்தத் துண்ட மட்டும். படத்துக்கு இது தேவையில்ல."

"அழிக்காத."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்க்கா."

"மத்த ஆறு மணி நேரத்துல எங்கயாவது என்னப் பத்திப் பேசுறாரா?"

சின்னவள் யோசித்தாள். அவள் எல்லாவற்றையும் பலமுறை பார்த்தவள். பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்ல."

"அப்ப இது இருக்கட்டும். படத்துலயே போடு. வெட்டாமப் போடு."

"எல்லாரும் பாப்பாங்க. ஸ்கூல்ல, அம்மா, அந்த டிரைவர் அங்கிள்ங்க..."

"பாக்கட்டும்."

இயர்ஃபோனை எடுத்துத் தங்கச்சியின் மடியில் வைத்தாள். எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. பீரோவைப் பிடித்துக்கொண்டு ஊன்றினாள். சின்னவள் அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

முன்னறையில் பெட்டி இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. வெளியே அப்பாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் தூக்க, மாமா மட்டும் தூக்காமல் "பாத்து, பாத்து, தலைப்பக்கம்" என்று எல்லாருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி டிரைவர் பின்கதவைப் பிடித்தபடி, உள்ளே அவரோடு உட்கார மூன்று பேருக்குத்தான் இடம், மற்றவர்கள் பஸ்ஸில் வந்துவிடுங்கள் என்றார். பள்ளிக்கூடத்து பஸ் தெரு முனையில் நின்றது. வேறு யாரோ ஓட்டி வந்திருந்தார்கள்.

"நானும் ரெண்டு பொண்ணுங்களும்," என்று அம்மா டிரைவரிடம் சொன்னாள். "பெரியவ அவர் தலைமாட்டுல உக்காரட்டும். அதான் மொற."

பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசற்படி இறங்கி, வண்டியைத் தாண்டி, மதிலோரம் நின்ற யூனிஃபார்ம்களிடம் போனாள். உயரமானவள் பயந்து அரை அடி பின்னால் நகர்ந்தாள். மறுபடியும் விரட்டப் போகிறாள் என்று நினைத்திருப்பாள். அழுது முகம் ஊதியிருந்தது. கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பெண்தான்; கன்னத்தில் பரு.

"தலைமாட்டுல இடம் இருக்கு. நீ போய் உக்காரு."

"நானா? அக்கா, நீங்க..."

"உக்காரு. ஏதாவது பேசிட்டே போ."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. புரிய வைக்கப் பெரியவளும் நிற்கவில்லை. அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். எங்கேடி போகிறாய் என்று முதலில் கோபமாகவும், பிறகு வேறு மாதிரியும் கேட்டாள். மாமா ஏதோ சொன்னார். சின்னவளின் குரல், "விடும்மா, ஏறு," என்றது.

தெரு நீளமாக, வெயிலில் கிடந்தது. இரும்புக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நின்று பார்த்தார். அவள் பஸ் நின்ற முனைப் பக்கமாக நடுத்தெருவில் நடந்தாள். பின்னால் கதவு சாத்தும் சத்தமும், இன்ஜின் கிளம்பும் சத்தமும் கேட்டன. கொஞ்ச தூரத்தில் ஹார்ன் அடித்தது, மெதுவாக, ஒரே ஒருமுறை.

திரும்பிப் பார்க்காமல் ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள்.