மேடம் இல்லிங்க

அருள்மொழி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் உப்பு ஜாடியில் சாய்ந்து நின்று ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது. அவள் கணவன் செம்பியன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி அடுப்படிக்கு வந்தபோது பேச்சு முடிகிற இடத்தில் இருந்தது. “சரிம்மா, நாளைக்கு நீயே கூப்புடு. மத்தத அப்பறம் பேசிக்கலாம்” என்றாள். உடனே முழங்கையால் போனைக் காட்டி, “அத கட் பண்ணுங்க, கையெல்லாம் மீனு” என்றாள். அவன் சிவப்புப் பொட்டை அழுத்தினான்.

“யாரு?”

“கடலூர் கோச்சிங்காரங்க. கனிக்கு விசாரிச்சன். சாயங்காலம் சொல்றன் போங்க. அய்யனாரண்ணன் உங்கள வுட்டுட்டு வண்டிய எடுத்துடப் போறாரு.”

அவ்வளவுதான். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே ஓடுகிற அரசுப் பேருந்தில் அவன் நடத்துநர், அய்யனார் ஓட்டுநர். அருள்மொழி மேல வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். அன்று மத்தியானம் யாரோ ஒரு பையனுக்கு பாலிடெக்னிக் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவள், அவன் அப்பா பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்படியே மேசைமேல் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சேதி கேட்டு செம்பியன் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் நெத்திலிக் குழம்பு தட்டு போட்டு மூடியபடி இருந்தது. அதை யார் எடுத்துக் கொட்டினார்கள் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை, வாசலில் மேளம் முழங்கிக்கொண்டிருக்கும்போது, ஆணியில் மாட்டியிருந்த அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. செம்பியன்தான் எடுத்து அலோ என்றான்.

“குட் மார்னிங் சார். கடலூர் கோச்சிங் சென்டர்லேர்ந்து ரேகா பேசறன். அருள்மொழி மேடம் இருக்காங்களா?”

“இல்லிங்க.”

“எப்ப வருவாங்க சார்?”

அவன் வாசலைப் பார்த்தான். மேளச் சத்தத்தைக் கேட்டு அந்தப் பெண் கல்யாண வீடு என்று நினைத்திருக்க வேண்டும். “பங்ஷன்ல இருக்கீங்க போல. நான் அப்பறமா கூப்டறன் சார்” என்று வைத்துவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அவள் போனையும் டிக்கெட் பையில் போட்டுக்கொண்டான். அதை அணைத்து வைக்க மனம் வரவில்லை. உறவுக்காரர்கள் யாரும் அந்த எண்ணுக்குப் பேசுவதில்லை, எல்லோருக்கும் தெரியும். ரேகா மட்டும் பேசினாள். வாரம் தவறாமல், அலுக்காமல், அதே மரியாதையோடு. “மேடம் இருக்காங்களா சார்?” “இல்லிங்க.” “பரவால்ல சார், அப்பறம் கூப்டறன்.” அவனுக்கு அந்த அழைப்பு வேண்டியிருந்தது. ஊரில் எல்லாருக்கும் அருள்மொழி முடிந்துபோனவள். இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் அவள் இன்னும் பதில் சொல்ல வேண்டிய ஆளாக, எங்கேயோ வெளியே போயிருப்பவளாக இருந்தாள். வைத்த பிறகு கொஞ்ச நேரம் அவனுக்கும் அப்படியே இருக்கும். பஸ் முட்லூர் தாண்டுவதற்குள் அது கலைந்துவிடும்.

அய்யனாருக்கு இது பிடிக்கவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது ஒருநாள் கேட்டே விட்டான்.

“என்னய்யா இது. அந்தப் பொண்ணு இருக்காங்களாங்குது, நீ இல்லிங்கற. அது என்னமோ தங்கச்சி கோயிலுக்குப் போயிருக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்கும்.”

“நான் பொய் சொல்லலியே.”

“பொய் சொல்லல, நெசத்தையும் சொல்லல. மீதி சில்லறைய எறங்கறப்ப வாங்கிக்கன்னு டிக்கெட் பின்னாடி எழுதிக் குடுப்பியே, அந்த மாதிரிதான். எறங்கறவன் மறந்துட்டுப் போயிடுவான்னு ஒனக்குத் தெரியும்.”

செம்பியன் சிரித்தான். அவள் போன பிறகு அவன் சிரித்தது அன்றுதான். சிரித்துவிட்டு டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. மகள் கனிமொழிக்கு நல்ல மதிப்பெண். அன்று சாயங்காலமே அருள்மொழியின் தம்பி அன்புமணி குறிஞ்சிப்பாடியிலிருந்து இனிப்பு டப்பாவோடு வந்துவிட்டான். தன் பையனை நாமக்கல் பக்கம் விடுதியில் போட்டுப் படிக்க வைத்தவன். பையன் இப்போது இரண்டாவது தடவையாக நீட் எழுதிவிட்டு வீட்டில் படுத்திருந்தான்.

“மாமா, இங்க பாருங்க. கேள்வி எடுக்கறவன் சி.பி.எஸ்.இ. புக்க வச்சி எடுக்கறான். நம்ம புள்ள ஸ்டேட் போர்டு புக்க உருப்போட்டுக்கினு போயி அங்க என்னா பண்ணும்? கடலூர்ல அந்த கோச்சிங்காரங்களே ஸ்கூலும் வச்சிருக்காங்க. சி.பி.எஸ்.இ., ஹாஸ்டல், கோச்சிங் எல்லாம் ஒண்ணா. ரெண்டு வருஷம், கண்ண மூடிக்கினு இருந்தா போதும்.”

“யாரு கண்ண, மச்சான்?”

அன்புமணி அதைக் கண்டுகொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தினான். “அக்கா ஆசை அது. அதுதான போன் பண்ணி விசாரிச்சிது. அது கடைசியா செஞ்ச காரியம் அதான மாமா.”

கதவருகில் நின்றிருந்த கனிமொழி, “நான் போறம்பா. அம்மா சொல்லியிருந்தா போறன்” என்றாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை, ஆசையும் இல்லை. தடுப்பூசி போடச் சட்டைக் கையை மடித்து நீட்டுகிற பிள்ளையின் முகமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் தனக்குத் தானே பின்னல் போட்டுப் பழக ஆரம்பித்தாள். பத்தாவது கடைசிப் பரீட்சை வரைக்கும் பின்னிவிட்டது அருள்மொழி. அதற்குப் பிறகு அத்தைகளும் பக்கத்து வீட்டுக்காரியும். இப்போது கண்ணாடி முன்னால் நின்று கையைப் பின்னால் வளைத்து வளைத்துப் போட்டாள். பின்னல் இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தது. அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். “ஹாஸ்டல்ல யாரு போட்டு வுடுவாங்க. அங்க முடிய வெட்டிக்கச் சொல்றாங்களாம்பா, சீவற நேரம் மிச்சமாம். மாமா சொல்லிச்சி” என்றாள் கண்ணாடியைப் பார்த்தே. செம்பியன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அருள்மொழி என்ன நினைத்தாள்? போகட்டும் என்றா, வேண்டாம் என்றா? சாயங்காலம் சொல்கிறேன் என்றாளே. பதினாறு வயதுப் பெண்ணை, தாய் போன வருஷத்திலேயே, தாயின் பேரைச் சொல்லி வீட்டை விட்டு அனுப்புவதா? அனுப்பாமல் வைத்துக்கொண்டால் அது அவளுக்காகவா, இந்த வீட்டில் தனியாக இருக்கப் பயந்த தனக்காகவா? இரண்டுமே அவனுக்குச் சரியாகத்தான் பட்டது, அதுதான் தொல்லை.

அன்று கடலூரில் வண்டியைப் போட்டதும், “தோ வந்துடறன்” என்று அய்யனாரிடம் சொல்லிவிட்டு நடந்தான். அந்த சென்டர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படிக்கட்டு நெடுக வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகளின் படங்கள் சிரித்தன. மேலே வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒரு பெண், காதில் மாட்டிய ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு, டிபன் பாக்சில் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பாக்சை மூடினாள்.

“சாப்புடும்மா. நான் சிதம்பரம். அருள்மொழி வூட்டுக்காரரு.”

அவள் முகம் மலர்ந்தது. “சார், நீங்களா. உக்காருங்க. மேடம் வரலிங்களா?”

“இல்லிங்க.”

போனில் ஒவ்வொரு தடவையும் சொன்ன அதே சொல்தான். ஆனால் இதுவரை அவள் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்தாள். வெறும் நெற்றியைப் பார்த்தாள், மழிக்காத தாடியைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

“அன்னிக்கி… மேளச் சத்தம் கேட்டுதே சார்.”

“ஆமாம்மா.”

“நான் பங்ஷனான்னு கேட்டன்.”

“ஒனக்கு எப்புடிம்மா தெரியும். நான்தான் சொல்லியிருக்கணும். வாய் வரல.”

உள்ளே ஒரு வகுப்பில் யாரோ ஆசிரியர் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று கேட்க, பிள்ளைகள் சேர்ந்து பதில் சொல்கிற சத்தம் வந்தது. ரேகா தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்டான்.

“அவ ஒங்கிட்ட பதில் சொல்றன்னு சொல்லியிருப்பா, அதுக்குத்தான வாரா வாரம் கூப்புட்ட? எங்கிட்ட சொல்றதுக்குள்ள போயிட்டா. அன்னிக்கி ஒங்கிட்ட என்னா பேசினா? சேக்கறன்னு சொன்னாளா?”

ரேகா தலையை ஆட்டினாள். “இல்ல சார். மேடம் பதில் சொல்லணும்னு இல்ல. நான்தான் சொல்லணும்.”

“என்னாது?”

“எல்லாரும் எத்தினி பேரு சீட்டு வாங்கினாங்க, எத்தினி மார்க்கு வரும்னுதான் சார் கேப்பாங்க. மேடம் அதெல்லாம் கேக்கவே இல்ல. ‘எம் பொண்ணு சேந்துட்டு, புடிக்கலன்னா, பாதியில திரும்பி வர வழி இருக்கா? வந்தா ஸ்டேட் போர்டுலயே மறுபடி சேந்துக்கலாமா?’ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. எங்க சார்கிட்ட கேட்டு நாளைக்கிச் சொல்றன் மேடம்னன். அதுக்குத்தான் கூப்டுகினே இருந்தன்.”

செம்பியன் தம்ளரைக் கீழே வைத்தான். அவளுக்குப் பதிலாகத் தான் பதில் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் உள்ளுக்குள் புழுங்கியிருந்தான். கேள்வியே அவளுடையது.

“கேட்டியாம்மா? என்னா சொன்னாங்க?”

ரேகா உள் கதவை ஒருதடவை பார்த்துக்கொண்டாள். “கஷ்டம்தான் சார். நடுவுல வந்தா எந்த ஸ்கூல்ல எடம் கெடைக்கும்னு சொல்ல முடியாதாம். ஆனா இங்கயே சனி ஞாயிறு பேட்ச் ஒண்ணு இருக்குது சார். ஸ்கூல் மாற வேணாம், ஹாஸ்டல் வேணாம். மேடம் கேட்டா அதத்தான் சொல்லணும்னு இருந்தன். அத நாங்க ஜாஸ்தி சொல்றதில்ல.”

வீட்டுக்கு வந்ததும் கனிமொழியை உட்கார வைத்து, அம்மா என்ன கேட்டாள் என்பதை மட்டும் சொன்னான். அவள் நம்பாமல் பார்த்தாள்.

“போகச் சொல்லலியா?”

“போவச் சொல்லல. போவாதன்னும் சொல்லல. திரும்பி வர வழி இருக்கான்னு கேட்டிருக்கா.”

கனிமொழி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தான். அழுகையோடு சிரித்துக்கொண்டும் இருந்தாள். “எட்டாவதுல ஊட்டி டூர் போனப்ப அம்மா டீச்சர்கிட்ட இதத்தாம்பா கேட்டுது. நடுவுல அழுதா எந்த பஸ்சுல ஏத்தி வுடுவீங்கன்னு. கிளாசே சிரிச்சிது. எனக்கு மானமே போச்சி.” முகத்தைச் சுடிதார்க் கையால் துடைத்துக்கொண்டாள். “எனக்கு டாக்டருக்குப் படிக்கணும்தாம்பா. அது மாமாவுக்காக இல்ல. ஆனா எங்க ஸ்கூல்லயே படிக்கறன். பயாலஜி மிஸ்ஸு நல்லா நடத்துவாங்க. டாக்டர் சீட்டு கெடைக்கலன்னா வேற எதாவது படிப்பன்.”

“சனி ஞாயிறு மட்டும் கோச்சிங் இருக்குதாம். கடலூர் போவணும்.”

“உங்க பஸ்சுலதான? டிக்கெட் கேப்பீங்களா?”

“கேக்காம?”

அன்புமணிக்குப் போனில் சொன்னபோது அவன் கொதித்தான். “சனி ஞாயிறு படிச்சி எவன் மாமா டாக்டரு ஆயிருக்கான்?”

“எவளாவது ஆவட்டும், மச்சான்.”

ஜூன் மாதம் சேர்க்கைக்குப் போனபோது ரேகா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, “பெற்றோர் பேரும் நம்பரும் மேடமோடது இருக்குது சார். உங்களுத மாத்திடட்டுமா?” என்று தயங்கிக் கேட்டாள். அவன் யோசித்தான். “வேணாம்மா. இருந்துட்டுப் போவட்டும்.”

முதல் சனிக்கிழமை கனிமொழி ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையில் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று பக்கங்களைப் புரட்டிவிட்டது. “டாக்டரம்மா, இந்த எடது தோளு புடிச்சிக்கிது, என்னா பண்ணலாம்?” என்றான் அய்யனார். “ரெண்டு வருஷம் கழிச்சி வாங்க பெரியப்பா” என்றாள் தலை நிமிராமல். வண்டியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். செம்பியன் அவளுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்து, காசை வாங்கிப் பையில் போட்டான்.

சாயங்காலம் கடலூரில் வண்டி கிளம்ப நின்றது. ஆள் நிரம்பிவிட்டது. “எடுக்கட்டுமா?” என்றான் அய்யனார். “இருய்யா.” நேரம் பார்க்கிறவர் ஒருதடவை குரல் கொடுத்துவிட்டுப் போனார். செம்பியன் பின்படியில் நின்று ஸ்டாண்டின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூக்கடைகளைத் தாண்டி, ஆட்டோக்களுக்கு நடுவில் புகுந்து, புத்தகப் பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள். பின்னல் இன்னும் இடது பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

அப்போது டிக்கெட் பைக்குள் அருள்மொழியின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான், கோச்சிங் சென்டர் அனுப்பிய செய்தி.

‘திருமதி அருள்மொழி அவர்களுக்கு: தங்கள் மகள் கனிமொழி வகுப்பு முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்.’