நூற்று நாற்பத்து மூன்று

லேபுக்குப் புதுக் கிட் வந்தால் எழில்மொழி தன் ரத்தத்தைத்தான் முதலில் எடுப்பாள். கர்ப்ப ஹார்மோனை அளக்கிற கிட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, நிச்சயமாக 'இல்லை' என்று வரவேண்டிய ஒரு ரத்தம் வேண்டும். புருஷன் இளம்பரிதி சிங்கப்பூருக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. "என் ரத்தத்தைவிட நிச்சயமானது தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவாள். இந்தப் பதினோரு மாதத்தில் ஒருமுறைகூட அந்த ரத்தம் அவளைக் கைவிட்டதில்லை.

அன்று வந்தது வேறு கம்பெனிக் கிட். மெஷினும் புதிது. ஐந்துக்குக் கீழே வரவேண்டிய எண் நூற்று நாற்பத்து மூன்று என்று வந்தது.

மறுபடி ஓட்டினாள். நூற்று நாற்பத்தொன்று.

அவளுக்குப் பயம் வரவில்லை, யோசனைதான் வந்தது. அந்தச் சோதனையின் சூட்சுமம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எதிர்ப்பொருள் எனப்படும் ஒரு ஆன்டிபாடி அடியில் உட்கார்ந்து ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும். ஒளி தரும் இன்னொரு ஆன்டிபாடி மேலே வந்து அதே ஹார்மோனைப் பிடிக்கும். ஒளி எவ்வளவோ, ஹார்மோன் அவ்வளவு. இந்த இரண்டையும் எலியிடமிருந்துதான் தயாரிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வெள்ளெலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, எத்தனையோ தடவை கடி வாங்கியவள் அவள். எலியின் ஆன்டிபாடியைக் கண்டால் பிடித்துக்கொள்கிற எதிர்ப்பொருள் அவள் ரத்தத்தில் இருந்தால், அது மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் சேர்த்துப் பிடித்துவிடும். நடுவில் ஹார்மோனே இல்லாமல் ஒளி வரும். மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது. ஒளியைப் பார்த்து எண்ணைப் போட்டுவிடும்.

ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நீர்க்கவைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று எழுந்தபோதுதான், ரிசப்ஷனில் சான்ட்ரா யாருடனோ கலகலவென்று பேசுவது காதில் விழுந்தது.

"ஸ்வீட் எப்ப தருவீங்க ஆன்ட்டி? பாட்டி ஆகப்போறீங்கல்ல."

சான்ட்ரா வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள். எழில்மொழியின் பெயரில் வந்த ரிசல்ட் கம்ப்யூட்டரில் தெரிந்திருக்கிறது. வீட்டு நம்பர் என்று இருந்தது மாமியார் அம்சத்தினுடையது. அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாள், நாம் முந்திக்கொள்வோம் என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறது. புருஷன் ஊரில் இல்லை என்பது அதற்குத் தெரியாது.

"யாருக்குப் போன் பண்ணினே?"

"உங்க அத்தைக்குத்தான்க்கா. ஆனா ஒண்ணுமே பேசாம வச்சிட்டாங்க. சந்தோஷத்துல பேச்சு வரல போல."

எழில்மொழிக்கு அந்தப் பெண்ணை அறைந்தால் தேவலாம் போலிருந்தது. அறையவில்லை. "என் புருஷன் போன கார்த்திகையில சிங்கப்பூர் போனவரு. இன்னும் வரல," என்று மட்டும் சொன்னாள். சான்ட்ராவின் முகத்தில் ரத்தம் வற்றியது.

கால் மணி நேரத்தில் அம்சம் கூப்பிட்டாள். பாபநாசம் பக்கத்துக் கிராமம். சம்பா நடவு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி இது எழிலு? கையெல்லாம் சேறுன்னு போனை ஸ்பீக்கர்ல போட்டு வரப்புல வச்சேன். பதினாலு பொம்பளைங்க நடவுல நிக்கிறாளுவ. அத்தனை பேரும் கேட்டாளுவ."

"அத்தை, அது தப்பான ரிசல்ட். நான் சாயந்திரம் வந்து சொல்றேன்."

"சாயந்திரம் வரைக்கும் நான் என்னத்தைச் சொல்லுவேன்? ஒருத்தி வாயத் தெறக்கல. அப்படியே நாத்தை நட்டுக்கிட்டே போறாளுவ. பேசினாகூடப் பரவால்ல." அம்சத்தின் குரல் உடைந்தது. "பரிதிக்குப் போன் போட்டுட்டேன்."

"எனக்கு முன்னாடி அவருக்கா?"

அம்சம் வைத்துவிட்டாள்.

இளம்பரிதியின் அழைப்பு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. இருவரும் ஒரே கல்லூரியில் படித்துக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அத்தைக்காக அவனை 'நீங்க' என்பாள். கோபம் வந்தால் பழைய 'நீ' தானாக வந்துவிடும்.

"எழில், அம்மா என்னென்னமோ சொல்றாங்க."

"மெஷின் தப்பா காட்டுது. ஏன்னு எனக்குத் தெரியும்."

"சரிப்பா. நான் ஒண்ணும் சொல்லல. மெடிக்கல்ல குச்சி மாதிரி ஒரு டெஸ்ட் விக்கிதுல்ல, யூரின்ல பாக்குறது. அதை எடுத்து ஒரு போட்டோ போட்டுடு. ஊர் வாயை அடைச்சிரலாம்."

"ஊர் வாயையா, உன் வாயையா?"

"ஏன் இப்படிப் பேசுற? அஞ்சு நிமிஷ வேலைதானே."

அஞ்சு நிமிஷ வேலைதான். அது அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ரத்தத்தில் இருக்கிற அந்த எதிர்ப்பொருள் பெரியது, சிறுநீரில் இறங்காது. குச்சியில் ஒற்றைக் கோடுதான் வரும். ஊர் வாய் மூடும், அவனும் நிம்மதியாகச் சாப்பிடுவான். ஆனால் நாலு வருஷம் கூட வாழ்ந்தவளைவிட ஒரு பிளாஸ்டிக் குச்சியை அவன் நம்பினான் என்பது அப்படியே நின்றுவிடும். அதை எந்த மெஷினில் போட்டு அளப்பது?

"எனக்கு வேலை இருக்கு," என்று வைத்தாள்.

லேப் முதலாளி சகாயநாதன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வம்பென்றால் ஒதுங்குகிறவர்.

"சான்ட்ரா அழுதுகிட்டே சொல்லுச்சும்மா. இதுக்கு ஒரு வழி இருக்கு. சாம்பிள் மாறிடுச்சுன்னு நான் உங்க வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன். வேற யாரோ ஒரு அம்மாவோடதுன்னு. முடிஞ்சு போச்சு."

"யாரு மாத்தினாங்கன்னு சொல்லுவீங்க, சார்?"

அவர் திரும்பிக் கதவைச் சாத்தினார்.

"நான்தானே? ஆறு வருஷமா ஒரு டியூப் மாத்தினது கிடையாது நான். வீட்டுல நல்ல பேர் வாங்க, தொழில்ல கெட்ட பேர் வாங்கிக்கணுமா?"

"கிட்டு தப்புன்னு வெளிய தெரிஞ்சா மூணு ஆஸ்பத்திரி நம்மகிட்ட வர்றதை நிறுத்திடும்மா."

"கிட்டு தப்பு இல்ல சார். சில ரத்தத்துக்கு அது ஏமாந்துடும். எல்லாக் கிட்டும்தான். ஆனா நாம அதைச் சொல்லணும். நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தி வருவா. எண் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லன்னு பாத்துட்டு, கருக்குழாய்ல கர்ப்பம் தங்கிடுச்சுன்னு, அதைக் கலைக்க ஊசி போட்டுருவாங்க. இல்லாத பிள்ளைக்கு மருந்து. அந்தப் பாவத்துல என் கையெழுத்து இருக்காது."

"மெதுவா பேசும்மா, வெளிய பேஷன்ட்டுங்க இருக்காங்க."

"கேக்கட்டும்."

அவர் போன பிறகு சீரத்தை நீர்க்கவைக்க ஆரம்பித்தாள். பாதியாக நீர்த்தால் எழுபதுக்குப் பக்கம் வரவேண்டும், ஐம்பத்திரண்டு வந்தது. கால் பங்காக்கினால் முப்பத்தைந்து வரவேண்டும், ஒன்பது வந்தது. உண்மையான ஹார்மோன் கணக்கு மாறாது, சொன்னபடி பாதி பாதியாகக் குறையும். இது தாறுமாறாக விழுந்தது. காகிதத்தில் அச்செடுத்துக் கையெழுத்திட்டாள். இனி இந்தச் சோதனையின் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் வரும்படி, 'நோயாளியின் நிலைக்குப் பொருந்தாத முடிவானால் சிறுநீர்ச் சோதனையும், நீர்த்த மறுசோதனையும் செய்க' என்று கம்ப்யூட்டரில் சேர்த்தாள். சகாயநாதன் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். தடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்சம் குளித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாபநாசம் மெடிக்கலில் வாங்கிய பொட்டலம். போனில் இளம்பரிதி வீடியோவில் காத்திருந்தான்.

"போயி எடுத்துட்டு வந்துருடி," என்றாள் அம்சம். அதட்டல் இல்லை, கெஞ்சல்தான். "நாளைக்கு நடவுல அத்தனை பேரு முன்னாடியும் காட்டிப்புடறேன். எவ பேசுறான்னு பாக்குறேன்."

"எனக்காகச் சண்டை போடறீங்க, அது புரியுது அத்தை. ஆனா நான் மூத்திரம் பேஞ்ச குச்சியை எடுத்துக்கிட்டு வரப்புல நிப்பீங்களா?"

அம்சம் தலையைக் குனிந்துகொண்டாள்.

எழில்மொழி போனை எடுத்துக்கொண்டாள். "பரிதி, என் பையில ஒரு காகிதம் இருக்கு. நான் சொன்னது நிஜம்னு அதுல இருக்கு. அதைக் காட்டறதுக்கு முன்னாடி நீ சொல்லு. என்னை நம்புறியா?"

"நம்பாம என்ன? எனக்கு உன்னைத் தெரியாதா? ஆனா..."

"அந்த 'ஆனா'வோட நிறுத்திக்க," என்று அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

காகிதத்தை அம்சத்திடமும் காட்டவில்லை. அம்சம் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குப் படிக்கவா தெரியும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் கூப்பிட்டான்.

"அந்தக் காகிதத்தை அனுப்பாதே. எனக்கு வேணாம். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், இனிமே யாரும் உன்கிட்ட எதையும் எடுத்துக் காட்டச் சொல்லக் கூடாதுன்னு. ஊரு என்ன வேணா பேசிட்டுப் போகட்டும்."

"அனுப்பறதா யாரு சொன்னா?"

"தப்புதான் எழில். ராத்திரி பூரா யோசிச்சேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. அவன் நல்லவன்தான். இந்தப் பக்கம் எத்தனையோ புருஷன்மாருக்கு இப்படி யோசிக்கிற ஒரு ராத்திரிகூட வந்திருக்காது. அதற்காக நன்றி சொல்ல வேண்டுமா?

"யோசிக்க என்ன பரிதி இருந்துச்சு அதுல?"

அவள் காத்திருந்தாள். வாசலில் அம்சம் வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியல," என்றான் கடைசியில்.

"தெரிஞ்சுக்கிட்டு லீவுக்கு வா. வந்து நேர்ல சொல்லு. அதுவரைக்கும் சாப்டியா தூங்கினியான்னு மட்டும் பேசு, பதில் சொல்றேன்."

"சாப்டியா?" என்றான் உடனே.

"இல்ல," என்றாள் எழில்மொழி. "நேத்து மத்தியானத்துலேர்ந்து இல்ல."

அம்சம் திரும்பி அடுப்பங்கரைக்குள் போனாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி இருந்தது. எழில்மொழி செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.