நின்றுகொண்டு தின்றது கணக்கில்லை

பலராமன் ஒல்லியான மனிதன் என்பது கருவடிக்குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். கல்யாணத்தன்று அறுபத்திரண்டு கிலோ, இன்றைக்கும் அறுபத்திரண்டு கிலோ. இருபத்தைந்து வருடத்தில் ஒரு மனிதன் சாதித்தது இவ்வளவுதான் என்றால் அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்ளட்டும் என்று அவன் மனைவி துர்கா விட்டுவிட்டாள். கையும் காலும் குச்சி. நடுவில் மட்டும் முருங்கை மரத்தில் பலா காய்த்த மாதிரி ஒரு தொப்பை. அதைச் சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொண்டு, எண்பத்தொரு கிலோ பெண்டாட்டியைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேலி பேசுவான்.

"வண்டி டயரு மாத்தி ஆறு மாசம் ஆவல, அதுக்குள்ள தேஞ்சிடிச்சி. பின்னாடி யாரு ஒக்காருறான்னு நீங்களே பாருங்க."

தெரு சிரிக்கும். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் குனிந்து செருப்பு மாட்ட முடியாதவர்கள்.

அவனுக்கு அரசாங்க அலுவலகம் ஒன்றில் ப்யூன் வேலை. அடுத்த தெருவுக்குப் போக வேண்டுமென்றாலும் வண்டியை எடுப்பான். துர்காவுக்கு, வெள்ளைக்காரப் பயணிகள் வந்து தங்கும் ஒயிட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டித் துடைக்கிற வேலை. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. அழுக்குப் படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்து தடவை ஏறி இறங்குவாள். அவளிடம் போய், "கொஞ்சம் வாக்கிங் போனா கொறையும்" என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று அவள் எண்ணுவதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. சொன்னவன் அநேகமாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்லியிருப்பான்.

இப்படியே போயிருக்க வேண்டிய குடும்பம். மகன் இளஞ்செழியனுக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலையில் சேருமுன் செய்த மருத்துவப் பரிசோதனையில் ரத்தத்தில் உப்பு ஏறிக் கிடந்தது தெரிந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். ஒரு வருடத்துக்குள் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பையன் சாம்பல் நிறமாகிப்போனான். வீட்டில் யாராவது ஒருவர் சிறுநீரகம் கொடுத்தால் நல்லது, எவ்வளவு சீக்கிரம் கொடுத்தால் அவ்வளவு நல்லது என்றார் டாக்டர்.

பலராமன் அந்த இடத்திலேயே எழுந்து நின்றான். "என் புள்ளைக்கு நான் இருக்கேன் டாக்டர். இவளப் பாத்தீங்கல்ல? இவளோடத எடுத்து வச்சா அவன் வயிறு தாங்காது."

டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

டெஸ்ட் முடிவு வர பத்து நாள். நம் ஆளுக்கு அவ்வளவு பொறுமை ஏது? பலராமனின் கூட்டாளி கொளஞ்சி, சும்மா இருக்கிற மின்கம்பத்தைப் பார்த்தாலே கை அரிக்கிற ஆள். காதுகுத்துக்குப் பேனர், வண்டி வாங்கினால் பேனர். மறுநாள் காலை தெருமுனையில் பத்தடி உயரத்துக்குப் பலராமன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றான். 'பெற்ற மகனுக்குத் தன்னையே தரும் தியாகச் செம்மல்!' என்று மேலே. கீழே கொளஞ்சியும் இன்னும் பதினோரு பேரும் கும்பிட்டபடி. அத்தனை பேர் முகத்துக்கும் இடம் இருந்த பேனரில் இளஞ்செழியன் முகத்துக்கு மட்டும் இடமில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் பலராமன் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்கள். அவனும் கலங்கினான். எதுவும் கொடுக்காமலே தியாகியாகிவிட்ட சந்தோஷம் அவனுக்கு.

பதினோராவது நாள் டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். நர்ஸைக் கூப்பிட்டு, பலராமன் சட்டையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்ற வைத்தார். தொண்ணூற்றொன்பது சென்டிமீட்டர்.

"ஒங்களுக்கு சுகர் இருக்கு. புதுசா வந்தது இல்ல, பல வருசமா இருந்திருக்கும். ஈரல்ல கொழுப்பு, பிரஷரும் ஜாஸ்தி. ஒங்ககிட்டேருந்து கிட்னி எடுக்க முடியாது."

"எனக்கா? நான் அறுவத்திரண்டு கிலோ டாக்டர்!"

"எடை மிஷின் மொத்தத்தைத்தான் காட்டும். கொழுப்பு எங்க ஒக்காந்திருக்குன்னு காட்டாது. ஒங்களுக்குக் கை கால்ல சதை இல்ல, இருக்கறதெல்லாம் குடல சுத்தி இருக்கு. அங்க சேர்ற கொழுப்புதான் மோசம். நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது சர்வ சாதாரணம்." பிறகு துர்கா பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு சுகர் இல்ல, பிரஷர் இல்ல. கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு. பையனுக்கும் பொருந்துது. ஆனா இந்த எடையில ஆபரேஷன் பண்ணா ஒங்களுக்கு ஆபத்து. ஒத்தக் கிட்னிய வச்சிக்கிட்டு இந்த ஒடம்ப காலம் பூரா சுமக்கறதும் நல்லதில்ல. எழுபதுக்கு வாங்க. ஆறு மாசம் எடுத்துக்கங்க."

பதினோரு கிலோ. துர்கா தலையாட்டினாள். வெளியே வந்ததும் பலராமன் முதலில் சொன்னது மகனைப் பற்றியல்ல. "டேப்ப இறுக்கிப் புடிக்கல அந்த நர்ஸு" என்றான்.

பேனரை அவன் இறக்கவில்லை. கேட்டவர்களிடம், "டாக்டருங்க என்னை ரிசர்வ்ல வச்சிருக்காங்க" என்றான். அந்த வார்த்தையைக் கேட்ட அன்று துர்காவுக்கு அவன் மேல் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டுமல்லவா?

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனைக்கு செந்தமிழ்ச்செல்வி என்ற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். துர்கா திட்டு வாங்கப் போகிற முகத்தோடு போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் திட்டவில்லை. பட்டினி கிடக்காதீர்கள், வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும், தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ என்றாள். வேளா வேளைக்குச் சாப்பிடுவதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னாள்.

விஷயம் கேள்விப்பட்டு தவளக்குப்பத்திலிருந்து நாத்தனார் சந்திரகலா ஒரு பெரிய டப்பாவோடு வந்து இறங்கினாள். அவள் எடை குறைக்கும் பவுடர் விற்கிறாள். மூன்று வருடமாக அவளே அதைக் குடிக்கிறாள். மூன்று வருடத்தில் குறைந்தது அவள் கைப்பையின் கனம்தான்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரே மாசத்துல பதினோரு கிலோ போயிடும் அண்ணி. எல்லாம் மூலிகை."

துர்கா டப்பாவை செந்தமிழ்ச்செல்வியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உள்ள இன்னா இருக்குன்னே சரியா எழுதலம்மா. எதுவா இருந்தாலும் அத வடிகட்டப் போறது ஒங்க கிட்னிதான். அதத்தான் பையனுக்குக் குடுக்கப் போறீங்க." துர்கா வீட்டுக்கு வந்து டப்பாவை நாத்தனார் மடியில் வைத்தாள். சந்திரகலா காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். அதில் ஒரு கரண்டி சர்க்கரை மிச்சம்.

நாலு மாதத்தில் துர்கா எழுபத்து நாலுக்கு வந்தாள். ரவிக்கை தொளதொளத்தது. உடனே தெருவுக்குப் பொறுக்கவில்லை. குண்டாக இருந்தபோது சிரித்த அதே வாய்கள் இப்போது உச்சுக் கொட்டின. எதிர்வீட்டு அஞ்சலாட்சி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னாடி துர்கா, மூஞ்சே செத்துப்போச்சு? சுகரா?"

"சுகரு எங்க வூட்டுல வேற ஆளுக்குக்கா. ரிசர்வ்ல இருக்கு" என்றாள் துர்கா. உள்ளே பலராமன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அதன் பிறகுதான் சோதனை வந்தது. எடை எழுபத்து நாலிலேயே நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். நோட்டில் எழுதியபடிதான் சாப்பிட்டாள், ஒரு வேளைகூடத் தப்பவில்லை. டயாலிசிஸுக்காகக் கையில் செய்திருந்த ரத்தக்குழாய் இணைப்பு இளஞ்செழியனுக்கு அடைத்துக்கொண்டது. கழுத்தில் ஊசி போட்டுக் குழாய் வைத்தார்கள். நாலு படி ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"விடும்மா. வேற யாராச்சும் குடுக்கறவங்க வருவாங்க. லிஸ்ட்ல பேரு போட்டிருக்கில்ல" என்றான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு.

பலராமன் சுவரில் சாய்ந்து கால் நீட்டி, பரோட்டாவைச் சால்னாவில் ஊற வைத்துக்கொண்டிருந்தான். "நான் அன்னைக்கே சொல்லல? அவ ஒடம்பு வாகு அப்பிடி. வாயக் கட்ட வக்கில்லாதவ, புள்ளய எங்க காப்பாத்தப் போறா?"

துர்கா கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அவன் சொன்னதற்காக அல்ல. அவன் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்று.

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் செந்தமிழ்ச்செல்வியின் மேசையில் போட்டாள். "பாரு மேடம். ஒண்ணு கூட பொய் எழுதல. எம் புள்ள மேல சத்தியம்."

செந்தமிழ்ச்செல்வி பொறுமையாகப் படித்தாள். "பொய் இல்லம்மா. எடை எறங்க எறங்க ஒடம்பு தன் செலவக் கொறச்சிக்கும். அதனால கொஞ்ச நாள் நிக்கும். ஆனா அஞ்சு வாரம் அசையாம நிக்குதுன்னா வேற ஏதாவது பாக்கணும். ஒரு நாளு காலையிலேருந்து இன்னா பண்றீங்கன்னு சொல்லுங்க. சாப்பாட்ட விட்டுடுங்க, வேலைய மட்டும் சொல்லுங்க."

துர்கா சொன்னாள். காலையில் எழுந்து சமைத்து, எல்லோருக்கும் போட்டு, பாத்திரம் கழுவுவது. கழுவும்போது சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்து...

"வழிச்சி?"

"வாயில போட்டுக்குவேன். தூக்கிப் போட மனசு வராது."

"அப்புறம்?"

கெஸ்ட் ஹவுஸில் மேல்மாடி அறைகளிலிருந்து காலை உணவுத் தட்டுகளை இறக்குவது. வெள்ளைக்காரர்கள் பாதி கடித்துவிட்டு வைத்த ரொட்டியை அவள் தொடமாட்டாள். ஆனால் கூடையில் கை படாமல் கிடக்கிற க்ருவாசான் என்கிற பிறை ரொட்டி, வெண்ணெயில் ஊறி, தொட்டால் உதிர்கிற அது, குப்பைக்குத்தானே போகும்? மாடிப்படித் திருப்பத்தில் நின்று ஒன்று. சில நாள் இரண்டு. ஜாம் புட்டியில் மிச்சம் இருந்தால் அதையும் தொட்டு. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் இளஞ்செழியன் தின்னாமல் வைத்த சோறு. அவன் வைத்ததைக் கொட்ட எந்தத் தாய்க்குக் கை வரும்?

"இதெல்லாம் நோட்டுல இல்லியேம்மா."

"அது சாப்பாடு இல்லியே மேடம்" என்றாள் துர்கா. "நின்னுக்கிட்டு தின்னது."

சொல்லும்போதே தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. உட்கார்ந்து, இலை போட்டு, சோறு வைத்தால்தான் சாப்பாடு. மற்றதெல்லாம் வேலை. இருபத்தைந்து வருடமாக அவள் அந்த வீட்டின் குப்பைத்தொட்டியாக இருந்திருக்கிறாள். எவன் எதை மிச்சம் வைத்தாலும் அது அவள் வயிற்றுக்குத்தான். அப்படிப்பட்டவளைத்தான் "தின்னு தின்னு ஊதிட்டா" என்று தெரு சொல்லியிருக்கிறது. அவளும் அதை நம்பியிருக்கிறாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊரையும், புருஷனையும், எல்லோரையும்விட அதிகமாகத் தன்னையும் அவள் வெறுத்தாள்.

"ஒங்க மேல தப்பு இல்லம்மா" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "கொறைச்சி வடிங்க. மிச்சம் ஆனா ஆவட்டும், போனா போவட்டும். ஒங்க வயிறு அதுக்குப் பொறுப்பு இல்ல."

அன்று சாயந்திரமே துர்கா அரிசி அளக்கிற டம்ளரை மாற்றினாள். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும் என்றாள். பலராமன் இரண்டு நாள் குதித்தான். மூன்றாம் நாள் கழுவினான், தட்டுக்கு வலிக்குமோ என்று பயந்தவன் மாதிரி. கெஸ்ட் ஹவுஸில் தட்டிறக்குகிற வேலையை இன்னொருத்திக்கு விட்டுவிட்டு, துர்கா குளியலறை கழுவுவதை வாங்கிக்கொண்டாள். எட்டாவது மாதம் அறுபத்தொன்பது புள்ளி எட்டு. டாக்டர் கொடுத்த கெடுவுக்கு இரண்டு மாதம் அதிகம்தான். இளஞ்செழியன் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

கடைசியாக, தானம் கொடுப்பவர் மனமுவந்துதான் கொடுக்கிறாரா என்று விசாரிக்கிற குழு. ஒரு மேசைக்குப் பின்னால் மூன்று பேர், மூலையில் வீடியோ கேமரா. இவர்கள் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன். கணவனின் சம்மதமும் பதிவாக வேண்டும் என்பதால் பலராமனையும் உள்ளே கூப்பிட்டார்கள். பேனரில் போட்டிருந்த அதே சட்டையில் வந்திருந்தான்.

"ஒங்க மனைவி குடுக்கறதுல ஒங்களுக்கு சம்மதமா?"

"பரிபூர்ண சம்மதம் சார். நானே குடுக்கறதா இருந்தேன்..."

"ஏன் குடுக்கல?"

"டாக்டருங்கதான் சார்... ஒரு இதுக்காக..."

"காரணத்த வெளிப்படையா சொல்லுங்க. பதிவாவணும்."

பலராமன் கேமராவைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். "சுகர் சார்."

"அப்புறம்?"

"பிரஷர்." சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "தொப்பை."

குழுவில் இருந்த பெரியவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். பிறகு துர்காவிடம் கேட்டார். "யாராவது வற்புறுத்தினாங்களாம்மா?"

"இல்ல சார். என்னால முடியாதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். வரும் வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார்கள். துர்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு ஞாபகம் வச்சிக்கங்கம்மா" என்றார் பெரியவர். "இனிமே ஒங்களுக்கு ஒரே கிட்னி. எடை திரும்ப ஏறக் கூடாது. வீட்டுல யாரு பாத்துப்பாங்க?"

பலராமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். கேமரா பக்கம் முகத்தைத் திருப்பினான். "நான் இருக்கேன் சார். இவ்வளவு தூரம் இவள எளைக்க வச்சதே நான்தான். இனிமேயும் நான் பாத்துக்குவேன்."

துர்கா கேமராவுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள்.

"தம்பி, அவரு கடைசியா சொன்னத மட்டும் அழிச்சிடுப்பா. எம்புள்ள ஆபரேஷன் முடிஞ்சி படுத்திருக்கறப்ப பாத்தான்னா, சிரிச்சி தையலு பிரிஞ்சிடும்."