கீழே பார்க்க அனுமதி

1

இந்தக் கதை காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. ரேஷன் கார்டை நகலெடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம் ஒரு வரைபடத்தை நீட்டி, "கலர்ல போடுங்கண்ணே. கறுப்புல போட்டா இந்தச் சிவப்பு கண்மாய் மாதிரி தெரியும்" என்றார். அது என்ன சிவப்பு என்று கேட்டார் கடைக்காரர்.

"வானம்ணே. விமானப்படைக்காரகளோட வானம். அவுகளக் கேக்காம அதுல எதையும் பறக்கவிடக் கூடாது."

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவர் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மீதி நான் சேர்த்தது. அந்தச் சிவப்பு வட்டம் எங்கே இருக்கிறது என்று யாரும் போனை எடுத்துத் தேட வேண்டாம். கதைக்காக நான் போட்ட வட்டம் அது.

2

தொடக்கம் ஒன்று: 'செட்டிநாட்டு வானத்தை ராணுவத்தின் கண்கள் இரவும் பகலும்…'

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில் யாராவது குண்டு வைத்தாக வேண்டும்.)

தொடக்கம் இரண்டு: 'கல்யாண வீடியோ எடுக்கும் மருது அன்று காலை…'

(மருதுவுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: யோகலட்சுமிக்கு ட்ரோன் ஓட்ட லைசென்ஸ் இருந்தது, ட்ரோனுக்கு நம்பர் இருந்தது, பறக்கத்தான் வானம் இல்லை.

இது நிற்கும் போலிருக்கிறது. தொடர்கிறேன்.

யோகலட்சுமிக்கு* வழக்கமான வேலை வயலுக்கு மருந்தடிப்பதும் கண்மாய் அளப்பதும். இந்த முறை வந்தது ஒரு வீட்டுக் கூரை. குன்றக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், ஊருணிக்கரையில், ஏழு பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்ட பெரிய வீடு. ஒரு பங்குக்காரியான சௌபர்ணிகா கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு விவரம் சொன்னாள். கூரை ஒழுகுகிறது. பழைய சாமான் வியாபாரி ஒருவர் தூணுக்கும் கதவுக்கும் விலை பேசிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் வீடியோ காலில் கூடி, இடிப்பதா வைப்பதா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். கூரை இன்னும் தாங்கும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் வீடு பிழைக்கும். முகடு எங்கெங்கே தொய்ந்திருக்கிறது என்று மேலிருந்து பார்க்காமல் அவர் எழுத மாட்டார்.

அந்த வீட்டில் இப்போது குடியிருப்பது வயிரவன் மட்டும். ஏழில் ஒரு பங்கு அவருடையது. வீடு போனால் அவர் எங்கே போவார் என்று வீடியோ காலில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

(* ஜெராக்ஸ் கடையில் 'அவர்' என்று எழுதிய பெண்ணைக் கதைக்குள் இழுத்ததும் 'அவள்' ஆக்கப் போகிறேன். கதை எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம் இது. எனக்கும் உண்டு.)

3

விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்ற இடத்தில் யோகலட்சுமி 'வீடு பார்க்க' என்று எழுதினாள். திரும்பி வந்தது. 'கூரை ஆய்வு' என்று மாற்றினாள். வரைபடம் எங்கே என்று கேட்டு மறுபடி திரும்பி வந்தது. கலர் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்கேன் செய்து, வட்டத்துக்குள் வீட்டைப் புள்ளி வைத்துக் காட்டி அனுப்பினாள். (கலரில் ஸ்கேன் செய்ய எதற்குக் கலர் ஜெராக்ஸ் என்று நீங்கள் கேட்கலாம். அசலை அழுக்காக்கக் கூடாது என்றிருக்கும். எனக்கும் சரியாகத் தெரியவில்லை.) அப்புறம் பதிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. விமானப்படை நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி. வெளியூர்த் தமிழ்.

"மேடம், கூரையைப் பார்க்கணும்னா ஏணி வெச்சு ஏறலாமே?"

"ஏறுனா கூரை இறங்கிரும் சார்."

அதிகாரி சிரித்தார் என்று எழுதி, அடித்துவிட்டேன். ராணுவக்காரர்களைச் சிரிக்க வைத்தால் கதையில் அவர்கள் சீக்கிரம் நல்லவர்களாகிவிடுகிறார்கள். அவர் நல்லவரா என்று எனக்குத் தெரியாது. வேலையைச் சரியாகச் செய்தார்.

"கேமரா எந்தப் பக்கம் பார்க்கும்?"

"கீழ மட்டுந்தான் சார்."

"அக்கம்பக்கம் திரும்பக் கூடாது. நேரா கீழே. ட்ரோனை ஏத்தும்போதும் இறக்கினதும் எனக்குப் போன் பண்ணுங்க."

வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்து வரை என்று அனுமதி வந்தது. யோகலட்சுமி அதைப் பெரிய கோயில் பிரசாதம்போல எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினாள்.

4

வயிரவனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவரைத் திருடனாக எழுதினேன். கூரைச் சட்டங்களைக் கழற்றி விற்றுவிட்டார், மேலிருந்து பார்த்தால் குட்டு உடைந்துவிடும் என்று. கதைக்கு அது வசதி. ஆனால் வியாழக்கிழமை காலை யோகலட்சுமி போய் இறங்கியபோது வாசலில் நின்றவர் திருடன் மாதிரி இல்லை. வெளுத்த வேட்டி, நன்றாக வழித்த முகம்.

"வாங்க, வாங்க. வெயில்ல நிக்கிறீகளே, இங்குட்டு வாங்க."

"பத்து மணி வரைக்குந்தான்யா நேரம் குடுத்திருக்காக. அதுக்குள்ள மேலருந்து கூரையப் படம் எடுத்துருவேன்."

"மேலருந்துன்னா முற்றமும் தெரியுமா?"

"தெரியும்யா."

"ரெண்டாங்கட்டு முற்றம்?"

"எல்லாந்தான்."

"அப்ப வேணாம்மா."

யோகலட்சுமிக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். "சிங்கப்பூர்ல இருக்கவுக, கோயமுத்தூர்ல இருக்கவுக, எல்லாருகிட்டயும் போன்ல நல்லாருக்கேன்னுதான் சொல்லிருக்கேன். முகப்புல நின்னு பேசுற வரைக்கும் நல்லாத்தான் இருக்கேன்."

[இந்த இடத்தில், வீட்டின் உள்பக்கமுள்ள இரண்டாங்கட்டு முற்றத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எங்கே படுக்கிறார், எதில் பொங்குகிறார், மழை வந்தால் எதை எங்கே நகர்த்துகிறார் என்று. நன்றாக வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.]

"அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு அனுப்புறேன்யா."

"வெட்டுறதுக்கு முன்னாடி நீங்க பாப்பீகல்ல?"

பார்க்காமல் வெட்ட முடியாது. மேலே ஒரு பத்தியை வெட்டிய நானும் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன்.

அவளுக்குக் கோபம் வந்தது. இவருக்காகத்தானே இத்தனை அலைச்சல் என்று இருந்தது. "படம் இல்லேன்னா ஞாயித்துக்கிழம வீட்டையே குடுத்துருவாகய்யா. அப்புறம் முற்றம் ஏது?"

"தெரியும்மா" என்றார் வயிரவன்.

5

சௌபர்ணிகா போனில் வந்தாள். "யோகா, பெரியப்பா அப்படித்தான் பேசுவார். நீங்க எடுங்க. பர்மிஷன் வாங்கிட்டோம்ல?"

"வானத்துக்கு வாங்கிருக்கோம் மேடம்."

"அதான் நமக்கு வேணும்."

யோகலட்சுமி போனை வைத்துவிட்டு யோசித்தாள். விமானப்படை கீழே மட்டும் பார் என்கிறது. வீட்டுக்காரர் கீழே பார்க்காதே என்கிறார். இரண்டு பேரையும் மீறாமல் நிற்க அக்கம்பக்கத்தில் ஒரே இடம்தான் இருந்தது. அதிகாரியைக் கூப்பிட்டு, "ஏத்துறேன் சார்" என்று சொல்லி, ட்ரோனை ஊருணிக்கு நேர்மேலே கொண்டுபோய் நிறுத்தினாள்.

திரையில் பச்சைத் தண்ணீர். வயிரவன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"நம்ம ஊருணியா? வடக்குப் படி சாஞ்சிருச்சே." கொஞ்ச நேரம் பார்த்தார். "படியில கெடக்குறது என்ன, சோப்பு டப்பாவா?"

"ஆமாய்யா."

"இந்த அளவுக்கா தெரியும்?"

அவள் தலையாட்டினாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"செத்தப் பொறுங்க. கொடியில துணி கெடக்கு. நான் வந்து சொல்ற வரைக்கும் அங்குட்டுக் கொண்டு போகாதீக."

உள்ளே போனார்.

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: வயிரவன் வெளியே வந்து, "இப்ப எடுங்க" என்கிறார். முகடு நேராக இருக்கிறது. பங்காளிகள் வீட்டை வைத்துக்கொள்கிறார்கள். படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் ஆயுள் முழுக்க அப்படிக் கிடந்த முற்றத்தை ஒருமணி நேரத்துக்குள் ஒழுங்குபடுத்த முடியுமா என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

இரண்டு: நேரம் முடிகிறது. யோகலட்சுமி ட்ரோனை இறக்கிவிட்டு, "முடிஞ்சது சார்" என்று போன் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இடிப்பது என்று முடிவாகிறது. வயிரவன் ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். இதை எழுதும்போது எனக்கே மனம் ஆறவில்லை.

(மூன்றாவதும் ஒன்று உண்டு: அவர் உள்ளே இருக்கும்போதே ஓட்டிக்கொண்டு போய் எடுத்துவிடுவது. அவருக்குத் தெரியப் போவதில்லை. வீடு பிழைக்கும். அந்த வாக்கியத்தை நான் தொடங்கி, அவள் விரலை நகர்த்தி…)

பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பேட்டரியில் அதைவிடக் குறைவு. உள்ளே கொடிக்கயிறு அவிழும் சத்தம், பாத்திரங்கள் நகரும் சத்தம், தரையில் எதையோ இழுக்கும் சத்தம். விருந்தாளி வருகிற வீட்டில் கேட்கிற சத்தம்தான். இந்த முறை நான் எட்டிப் பார்க்கவில்லை.

யோகலட்சுமி கன்ட்ரோலரை உங்களிடம் நீட்டுகிறாள். பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரோன் ஊருணிக்கு மேலே நிற்கிறது. வலது குச்சியை லேசாக முன்னால் தள்ளினால் கூரை. இன்னும் கொஞ்சம் தள்ளினால், நான் எடுத்துவிட்ட பத்தி.

அவர் இன்னும் வெளியே வரவில்லை.