பழைய சைலென்சர்

புது சைலென்சரின் கடைசி நட்டை அவள் கழற்றிக்கொண்டிருந்தபோது அத்தை வாசலுக்கு வந்தாள். காருக்கு அடியிலிருந்து அத்தையின் செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

"பெத்தவ இழுத்துக்கிட்டுக் கெடக்கா, இப்பத்தான் உனக்குக் கார் ரிப்பேரா? படிச்ச பொண்ணு பண்ற காரியமாடி இது?"

"படிச்ச பொண்ணு பண்ண காரியத்தத்தான் கழட்டிக்கிட்டிருக்கேன். நீங்க போய் அம்மாகிட்ட இருங்க."

முந்தாநாள் அவளே மாட்டியது. பழையதில் துரு தின்று கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன்மேல் தகரத்தைச் சுற்றிக் கம்பி கட்டித்தான் அப்பா வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். "ஊருக்கே தண்டோரா போட்டுக்கிட்டுத்தான் வருவீங்களா?" என்று மாடிக்காரர் ஒருநாள் வழிமறித்துக் கேட்டார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. செல்போனில் வீடியோ பார்த்து, ஜாக்கி போட்டு, முட்டுக் கொடுத்து, முகமெல்லாம் துருப்பொடி கொட்டக் கொட்ட அதைப் பிடுங்கி எறிந்தாள். அதன்பின் வண்டி பூனை மாதிரி வந்து நின்றது. "படிச்சவ செஞ்சா சும்மாவா!" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கண் மங்கிப்போன அம்மா நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான் காதைக் கொடுத்துக் கிடந்தாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்போதே, "முகத்தத் துடைச்சு விடு" என்பாள்.

நேற்றிலிருந்து ஒரே கேள்வி: "அவர் இன்னும் வரலையா?"

காலையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார். "நான்தான். வந்துட்டேன்."

அம்மா கையை மெல்ல உருவிக்கொண்டாள். "உக்காருங்க. அவர் இப்ப வந்துருவார்." மரியாதையாகத்தான் சொன்னாள், விருந்தாளியிடம் சொல்வதுபோல. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நாடி பார்த்த நர்ஸ், சாயங்காலம் தாண்டாது என்று அவளிடம் மட்டும் சொன்னாள்.

சத்தம் வந்தால் போதும் என்று, முதலில் புதியதின் குழாய் இணைப்பை மட்டும் தளர்த்திவிட்டு அப்பாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். கார் அலறியது.

"எந்தக் கடங்காரன் லாரியக் கொண்டாந்து இங்க நிறுத்துறான்?" என்றாள் அம்மா. அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், பொத்தின கையோடு அழுதாள்.

ஆக, பழையதேதான் வேண்டும். புதியதின் கடைசி நட்டும் கழன்றதும், குளியலறைக்குப் பின்னால் கிடந்ததை இழுத்துவந்து அவள் மாட்டினாள்.

"அப்பா, அந்தத் தகரம்?"

அப்பா குப்பையைக் கிளறி எடுத்துவந்தார். காருக்கு அடியில் அவள் பக்கத்தில் நுழைந்து மல்லாந்தார். "கம்பிய ரொம்ப இறுக்காத. கொஞ்சம் ஆடணும். அப்பத்தான் பழைய மாதிரி கத்தும்."

"முனை வரைக்கும் போய்ட்டு வாங்க. பாத்துப் பாத்து ஓட்டாதீங்க. எப்பவும் வர்ற மாதிரி வாங்க."

அவள் உள்ளே ஓடினாள். தூரத்தில் தகரம் அதிர்ந்தது. அம்மாவின் தலை லேசாகத் திரும்பியது.

"முகத்தத் துடைச்சு விடு."

அவள் கையெல்லாம் கரி. குனிந்து, கரி படாத சட்டைத் தோளால் அம்மாவின் நெற்றியையும் கன்னத்தையும் ஒற்றினாள்.

அப்பா வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்ன இவ்வளவு லேட்டு?"

"டிராஃபிக்."

"நல்ல டிராஃபிக்." இந்த முறை அம்மா கையை உருவவில்லை.

இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆட்கள் வந்துபோக முடியாமல் கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மாடிக்காரர் கீழே இறங்கிவந்து, "கார மட்டும் கொஞ்சம் ஓரமா எடுத்துட்டா..." என்று இழுத்தார்.

அப்பா ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். ஸ்டார்ட் ஆகும் அளவுக்குத் திருப்பவில்லை. நியூட்ரலில் தட்டிவிட்டு இறங்கி, கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்தார். அவள் பின்பக்கம் போய் டிக்கியில் கைவைத்தாள். மாடிக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.