முதலாளி அட்டை

பருவநிலைக் கொள்கை பற்றி நகராட்சி ஊழியர்களுக்குப் பாடம் நடத்த வந்த பயிற்சியாளர் பாடம் நடத்தவில்லை, விளையாட்டு வைத்தாள். ஆளுக்கொரு அட்டை. அட்டையில் இருப்பவராகவே மாறிப் பேச வேண்டும். எல்லாரும் ஒத்துப்போய்ப் புகையைக் குறைத்தால் திரையில் சிவப்பில் நிற்கும் முள் பச்சைக்கு இறங்கும்.

மோட்டாரக்கா வந்ததே வேறு காரியத்துக்கு. பள்ளத்தெருவில் தேங்கும் மழைநீரை இறைக்கிற டீசல் மோட்டாரை ஓட்டுவது அவள் வேலை. வீடும் அதே தெருவில்தான். ஒரு மோட்டார் போதாது, இன்னொன்று வேண்டுமென்று இரண்டு வருடமாக மனு எழுதி ஓய்ந்துவிட்டாள். நகராட்சிப் பொறியாளரை நேரில் பிடித்துக் கேட்டுவிடலாம் என்று வந்தால், கையில் ‘ஆலை முதலாளி’ அட்டையைத் திணித்தார்கள். பொறியாளருக்குக் கிடைத்தது ‘பள்ளத்தெரு மக்கள்’.

அந்த மனுஷன் அடித்த கூத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தரையில் குந்தி, மூக்கை உறிஞ்சி, "ஐயா, வீட்டுக்குள்ள சாக்கடை வருதுங்க" என்று இழுத்தார். அறையே சிரித்தது. போன மழையில் அடுப்படியில் மிதந்ததை வெறுங்கையால் அள்ளிக் கொட்டியவள் அவள்.

இரு, உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று எழுந்தாள். முதலாளியாகவே எழுந்தாள், அதுதான் வினை.

"பள்ளம்னு தெரிஞ்சுதானே குடி வந்தீங்க? ஒரு மோட்டார் மணிக்கு எவ்வளவு கரும்புகை கக்குதுன்னு எனக்குத் தெரியும். இதுல இன்னொன்னு கேக்குதா? முதல்ல அதை நிறுத்துங்க. அப்புறம் என் புகைபோக்கியைப் பத்திப் பேசலாம்."

பேசப் பேச ருசி கண்டுவிட்டது. எத்தனை லிட்டர் டீசல், எவ்வளவு புகை என்று புட்டுப்புட்டு வைத்தாள். பொறியாளர் கும்பிட்டு, "சரிங்க முதலாளி, காலி பண்ணிடறோம்" என்றார். முள் பச்சைக்கு வந்தது. நன்றாகப் பேசியதற்கு அவளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் பரிசு. சாப்பாட்டு அவசரத்தில் எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். வருகைப் பதிவு என்று நினைத்து அவளும் போட்டாள்.

பத்தாம் நாள் மோட்டார் அறைச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இரண்டாவது மோட்டார் கிடையாது, இருப்பதும் நிறுத்தப்படும், தெரு காலி செய்யப்படும். காரணமாக அவள் பேசியதெல்லாம், ‘தொழில் தரப்பு’ சொன்னதாக, வரிசையாக அச்சாகியிருந்தது.

பொறியாளர் அறைக்கு ஓடினாள். "சார், அது விளையாட்டு சார்."

"மக்கள் தரப்பும் தொழில் தரப்பும் கலந்து பேசினதா ஒரு தாள் வேணும்னு மேல கேட்டாங்கம்மா. பேசினோம்ல, கையெழுத்தும் போட்டோம்ல?" பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். "புகை விஷயம் எனக்குத் தோணவே இல்ல. நீங்க எடுத்துக் கொடுத்தது." பல்லிடுக்கில் சிக்கியதை எடுத்துப் பார்த்துவிட்டு மேசைக்கடியில் தேய்த்தார். அவளுக்கு அவரைவிடத் தன்மேல்தான் அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்தபோது தெருவே சுவர் முன்னால் நின்றது. ஓரகத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்து முடித்தாள்.

"எந்த நாசமாப் போனவன் வாயில வந்த பேச்சு இது, அக்கா? அந்த நாக்கு அழுகிப் போகாதா?"

பையில் இன்னும் திறக்காமல் கிடந்த பரிசு பாட்டிலைத் திறந்து மோட்டாரக்கா ஒரு மடக்கு வாயில் ஊற்றினாள். சாக்கடையில் துப்பினாள்.

"என் வாய்தான்" என்றாள்.